கீரை விதையில் வந்த கடன்

லெட்டூஸ் தலை கட்டி, இன்னும் ஒரு வாரத்தில் அறுக்கலாம் என்ற நிலையில்தான் வெர்டிசிலியம் வாடல் முகம் காட்டும். அதுவரை வயலில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. தண்ணீர், உரம், களையெடுப்பு என்று செலவெல்லாம் முடிந்த பிறகு, தரையோடு ஒட்டிய அடியிலைகள் துவளத் தொடங்கும். ஓரம் மஞ்சளாகும். பிறகு பழுப்பேறிக் காய்ந்து தலையைச் சுற்றிப் படிந்து கிடக்கும். செடியைப் பிடுங்கி ஆணிவேரை நெடுக்காகப் பிளந்தால், வெளுப்பாக இருக்க வேண்டிய நீர்க்குழாய்த் திசுவில் பச்சை கலந்த கறுப்புக் கோடுகள் ஓடுவது தெரியும். ஃபியூசேரியம் என்ற இன்னொரு பூசணமும் லெட்டூஸை இப்படி வாட்டும். ஆனால் அதன் கோடு செம்பழுப்பாக இருக்கும். வேரைப் பிளந்து பார்த்து நிறம் சொல்வதுதான் வயலில் செய்யக்கூடிய முதல் பரிசோதனை.

காய்ந்த இலையின் நரம்போரம் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். நுண்ணிய கரும்புள்ளிகள் கொத்துக் கொத்தாகத் தென்படும். மைக்ரோஸ்கிளிரோஷியா என்பது அவற்றின் துறைப் பெயர். வாய்க்கு எளிதாக நாம் கருமுடிச்சு என்று சொல்லிக்கொள்வோம். பூசண இழைகள் தடித்து, மெலனின் என்ற கருநிறமி ஏறி, ஒன்றோடொன்று இறுகிய கட்டி அது. அளவு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இந்த நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பாதிக்கு மேல் இந்தக் கருமுடிச்சைப் பற்றியதுதான்.

கலிபோர்னியாவின் கடற்கரையோரம் மான்டரே வளைகுடாவை நோக்கித் திறந்து கிடப்பது சலினாஸ் பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் கபிலான் மலை, மறுபக்கம் சான்டா லூசியா மலை. கோடையிலும் காலையில் கடற்பனி மூடும். அந்தக் குளிர்ச்சிதான் அங்கே லெட்டூஸுக்குக் கிடைத்த வரம். அமெரிக்கர்கள் வெயில் காலத்தில் தின்னும் லெட்டூஸில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. குளிர்காலம் வந்தால் சாகுபடி அப்படியே அரிசோனாவின் யூமா பாலைநிலத்துக்கு இடம் மாறும். எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1902-இல் பிறந்த ஊர் சலினாஸ். அவருடைய 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' நாவலில் ஆடம் ட்ராஸ்க் லெட்டூஸைப் பனிக்கட்டியில் புதைத்து ரயிலேற்றி நியூயார்க்குக்கு அனுப்பி, வழியில் அழுகிப்போய் நொடித்துப்போவார். பிறகு அந்தத் தொழில் கைகூடிப் பள்ளத்தாக்கையே செல்வமாக்கியது.

1995-இல், சலினாஸுக்கு வடக்கே பஹாரோ பள்ளத்தாக்கில், வாட்சன்வில் ஊரருகே ஒரு லெட்டூஸ் வயல் மேலே சொன்ன விதமாக வாடியது. அமெரிக்க லெட்டூஸில் இந்த நோய் பெருஞ்சேதமாக வெளிப்பட்டது அதுவே முதல் தடவை. சில ஆண்டுகளில் அது சலினாஸுக்கும் இறங்கியது. 2010 வாக்கில் 150-க்கும் மேற்பட்ட வயல்களில் நோய் பதிவாகியிருந்தது. இத்தனைக்கும் வெர்டிசிலியம் டாலியே என்ற அந்தப் பூசணம் அங்கே புதுமுகம் அல்ல. ஜெர்மனியில் கிளெபான் என்ற அறிஞர் 1913-இல் டாலியா பூச்செடியிலிருந்து அதைப் பிரித்து அந்தப் பெயர் சூட்டினார். தக்காளி, உருளைக்கிழங்கு, பருத்தி, ஸ்ட்ராபெர்ரி, ஆலிவ் என்று பல நூறு செடிகளை அது தாக்கும். நம் பருத்தியிலும் கத்தரியிலும்கூட அதைக் கண்டிருக்கிறார்கள். கலிபோர்னியக் கடற்கரையின் ஸ்ட்ராபெர்ரி விவசாயிகளுக்குப் பல பத்தாண்டுகளாக அதுவே பெரிய எதிரி. அப்படியிருக்க, லெட்டூஸ் மட்டும் ஏன் 1995 வரை தப்பித்தது? ஏன் அதற்குப் பிறகு சிக்கியது?

விடைக்குப் போகுமுன், பூசணத்தின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கருமுடிச்சு மண்ணில் சும்மா கிடக்கும். பக்கத்தில் ஒரு வேர் வந்து, அதிலிருந்து கசியும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் எட்டினால்தான் முளைக்கும். முளைத்த இழை வேரின் தோலைத் துளைத்து, புறணியைக் கடந்து, நீர்க்குழாய்க்குள் புகும். அங்கே அது விடும் வித்துகள் செடி உறிஞ்சும் நீரோடு சேர்ந்து தாமாகவே மேலே ஏறும். செடி தன்னைக் காத்துக்கொள்ளக் குழாய்களைப் பிசினாலும் திசுப் புடைப்புகளாலும் அடைக்கும். அடைப்பு கூடக்கூட இலைக்குத் தண்ணீர் எட்டாது. செடி வாடுவதில் அதன் சொந்தத் தற்காப்புக்கும் பங்குண்டு. செடி சாகும் தறுவாயில், உலரும் திசுவுக்குள் பூசணம் மறுபடி கருமுடிச்சுகளைக் கட்டும். அறுவடைக்குப் பின் உழும்போது அத்தனையும் மண்ணில் கலக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பருவத்தில் இந்தச் சுற்று ஒரே ஒரு தடவைதான் நடக்கும். இந்தச் செடியிலிருந்து அடுத்த செடிக்குக் காற்றில் தாவும் வேலை இதற்கு இல்லை. தென்னாப்பிரிக்க நோயியல் அறிஞர் வாண்டர்பிளாங்க் 1963-இல் வெளியிட்ட நூலில் பயிர் நோய்களை வட்டிக்கணக்காக இரண்டாகப் பிரித்தார். உருளைக்கிழங்கின் பின்கருகல் கூட்டுவட்டி. இன்று வந்த புள்ளி நாலைந்து நாளில் வித்துகளைத் தூவி, அவை ஒவ்வொன்றும் புதுப் புள்ளியாகிப் பெருகும். மண்வழி வாடல் தனிவட்டி. பருவத் தொடக்கத்தில் மண்ணில் எவ்வளவு முதல் இருந்ததோ அதற்கேற்ற சேதம்தான் கடைசியில் வரும். கூட்டுவட்டி நோய்க்கு நடுவழியில் மருந்தடித்துப் பெருக்கத்தை நிறுத்தலாம். தனிவட்டி நோயில் செடி வாடிய பிறகு தெளிக்கும் எதுவும் வீண். பூசணக்கொல்லிக் கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, அந்தப் பருவத்தின் கணக்கு நட்ட அன்றே முடிந்துவிட்டது. குறைக்க வேண்டியது முதலைத்தான்.

அந்த முதலோ எளிதில் கரையாது. பெர்க்லியிலிருந்த கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஸ்டீபன் வில்ஹெல்ம் 1955-இல் வெளியிட்ட ஆய்வில், கருமுடிச்சுகள் 14 ஆண்டுகள் வரை மண்ணில் உயிரோடு கிடக்கும் என்று காட்டினார். ஏறும்போது ஒரே ஆண்டில் ஏறிவிடும். இறங்கப் பத்துப் பதினான்கு ஆண்டு. பயிர்ச்சுழற்சி என்று இரண்டு வருடம் வேறு பயிர் வைத்தால் போதும் என்ற கணக்கு இங்கே செல்லாமல் போவது இதனால்தான்.

இப்போது 1995-க்கு வருவோம். ஸ்ட்ராபெர்ரிக்கு ஒரு கிராம் மண்ணில் ஓரிரண்டு கருமுடிச்சு இருந்தாலே ஆபத்து. லெட்டூஸ் அவ்வளவு மென்மையானதல்ல. அது வாடுவதற்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஆகவே பூசணம் மண்ணில் இருந்தும் லெட்டூஸ் தாக்குப்பிடித்தது. மேலும் ஸ்ட்ராபெர்ரி வயல்களில் நடவுக்கு முன் மண்ணுக்குப் புகை போடுவது வழக்கம். அப்படிச் சுத்தமான நிலத்தில் மறு ஆண்டு லெட்டூஸ் வைப்பவர்களுக்குச் செலவில்லாமல் பலன் கிடைத்துவந்தது. அப்படியானால் பல மடங்கு கருமுடிச்சு எங்கிருந்து வந்து சேர்ந்தது?

சந்தேகத்தின் விரல் முதலில் யாரும் எதிர்பார்க்காத பயிரை நோக்கி நீண்டது. 1990-களில் அமெரிக்கச் சந்தையில் கழுவி, பையிலடைத்த இளங்கீரை பெருவழக்கானது. முற்றிய ஸ்பினாச் கீரையைக் கட்டாக விற்ற காலம் போய், குழந்தைக் கை அகல இலைகளை இயந்திரத்தால் மழித்தெடுத்து விற்கத் தொடங்கினார்கள். அகலமான பாத்தியில் இடைவெளியே இல்லாமல் நெருக்கி விதைத்து, ஏறக்குறைய முப்பதே நாளில் அறுப்பார்கள். ஒரு ஏக்கருக்கு 35 முதல் 40 லட்சம் விதைகள் வரை விழும்.

அந்த விதை சலினாஸில் விளைவதில்லை. ஸ்பினாச் பூத்து விதை கட்டுவதற்கு நீண்ட பகலும் மிதமான கோடையும் வேண்டும். உலகின் ஸ்பினாச் விதையில் பெரும்பகுதி டென்மார்க்கில் விளைகிறது; அமெரிக்காவுக்குள் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் பள்ளத்தாக்குப் பகுதியில் விளைகிறது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லின்ட்சி டு டோய்ட்டும் அவருடைய குழுவினரும் வணிக விதைகளைச் சோதித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான விதைத் தொகுதிகளில் வெர்டிசிலியம் இருந்தது. சில தொகுதிகளில் பாதிக்கு மேற்பட்ட விதைகளிலேயே இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு ஒரு விதையில் மட்டும் பூசணம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 35 லட்சம் விதை விழும் ஒரு ஏக்கரில் ஒரே விதைப்பில் 35,000 நோய் விதை மண்ணுக்குள் போகிறது. அதே நிலத்தில் மறுபடி மறுபடி ஸ்பினாச் விதைக்கும்போது எண்ணிக்கை எங்கே போகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பினாச் விவசாயிக்கு இதனால் ஒரு நட்டமும் கிடையாது. ஸ்பினாச்சில் இந்த வாடல் செடி பூத்தண்டு விட்ட பிறகுதான் தெரியும். முப்பது நாளில் அறுபடும் இளங்கீரை அந்த வயதை எட்டுவதே இல்லை. இலை பச்சைப் பசேலென்று பைக்குள் போய்விடும். தின்பவருக்கும் ஒரு கேடும் இல்லை. வேரும் அடித்தண்டும் மட்டும் பூசணத்தோடு நிலத்தில் தங்கும். மரபுக்குறிகளை ஒப்பிட்டு 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கடற்கரைக் கலிபோர்னியாவின் வெர்டிசிலியம் கூட்டங்களுக்கும் ஸ்பினாச் விதையில் வந்தவற்றுக்கும் உறவு இருப்பதையும், கண்டம் விட்டுக் கண்டம் மரபணுக்கள் பாய்ந்திருப்பதையும் காட்டியது. பச்சை ஒளிரும் புரதம் ஏற்றிய பூசணத்தை ஸ்பினாச்சுக்குள் விட்டு நுண்ணோக்கியில் பின்தொடர்ந்த வேறொரு ஆய்வில், அது வேரிலிருந்து ஏறி விதையின் உள் திசு வரை போயிருந்தது தெரிந்தது. விதையின் மேலே மருந்து பூசினால் போதாது என்பது அதிலிருந்து விளங்கும். வெந்நீரில் ஊறவைத்தால் பூசணம் சாகும்தான். ஆனால் அதைத் தீர்த்துக்கட்டும் சூடு முளைப்புத்திறனையும் பதம் பார்க்கும்.

சரி, மண்ணில் சேர்ந்துவிட்ட முதலை எப்படிக் கரைப்பது?

பழைய வழி புகை. முதல் உலகப் போரில் எதிரிகளைத் திணறடிக்கப் பயன்பட்ட குளோரோபிக்ரின் என்ற நச்சை மண்ணுக்குள் செலுத்தி ஸ்ட்ராபெர்ரி வாடலைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டியவர்களில் மேலே சொன்ன வில்ஹெல்மும் ஒருவர். அதோடு மெத்தில் புரோமைடைக் கலந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்ற அவர்களது ஆய்வு 1961-இல் வந்தது. நிலத்தைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி இந்த வாயுவைச் செலுத்தினால் பூசணம், நூற்புழு, களைவிதை எல்லாம் ஒருசேரச் சாகும். நல்லதும் சேர்ந்தே சாகும் என்பது வேறு விஷயம். கலிபோர்னிய ஸ்ட்ராபெர்ரித் தொழில் இன்றைய உயரத்துக்கு வளர்ந்தது இந்தக் கலவையின் மேல் நின்றுதான். ஆனால் மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தை அரிக்கும். மான்ட்ரியல் உடன்பாட்டின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் 1992-இல் அது சேர்க்கப்பட்டது. வளர்ந்த நாடுகள் 2005-க்குள் கைவிட வேண்டும் என்று முடிவானது. விதிவிலக்கு வாங்கி வாங்கி கலிபோர்னிய ஸ்ட்ராபெர்ரி வயல்கள் 2016 வரை இழுத்தடித்தன. லெட்டூஸ் போன்ற பயிருக்கு மட்டும் அந்தச் செலவைத் தாங்குவது எப்போதுமே கடினம்.

இரண்டாவது வழி தற்செயலான ஒரு கவனிப்பிலிருந்து கிடைத்தது. இதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1990-களின் தொடக்கத்தில் சலினாஸில் காலிஃபிளவர் வயல்களை வெர்டிசிலியம் வாட்டியது. காலிஃபிளவரும் பிராக்கோலியும் ஒரே தாவர இனத்தின் இரண்டு வடிவங்கள். ஆனால் காலிஃபிளவர் செத்த மண்ணிலேயே பிராக்கோலி ஒன்றும் ஆகாமல் நின்றது. சலினாஸில் பணியாற்றிய கலிபோர்னியப் பல்கலைக்கழக (டேவிஸ்) நோயியலாளர் கிருஷ்ணா சுப்பாராவும், மான்டரே மாவட்ட வேளாண் ஆலோசகர் ஸ்டீவன் கோய்க்கும் அவர்களது கூட்டாளிகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பூசணம் பிராக்கோலி வேரின் புறணிவரை வந்தாலும் குழாய்க்குள் பெரிதாக முன்னேற முடியவில்லை. அதைவிட வியப்பு, அறுத்த பின் மிஞ்சும் பிராக்கோலித் தண்டையும் இலையையும் பொடியாக வெட்டி மண்ணில் உழுதுவிட்டால், மண்ணிலிருந்த கருமுடிச்சுகளின் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. குளோரோபிக்ரின், மெட்டாம் சோடியம் ஆகிய புகை நச்சுகளைப் போட்ட பாத்திகளோடு ஒப்பிட்டும் பிராக்கோலிப் பாத்திகள் சளைக்கவில்லை.

காரணம் என்ன? கடுகுக் குடும்பச் செடிகளில் குளுக்கோசினோலேட்டுகள் என்ற கந்தகச் சேர்மங்கள் உண்டு. திசு நசுங்கும்போது அவை ஐசோதயோசயனேட்டுகளாக உடையும். கடுகை நசுக்கினால் மூக்கில் ஏறும் காரம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அவை பூசணத்துக்கு நஞ்சு. அது மட்டும் போதுமென்றால் கடுகு இனத்தில் எதைப் போட்டாலும் வேலை செய்திருக்க வேண்டும், அப்படிச் செய்யவில்லை. பிராக்கோலித் தண்டின் லிக்னினைத் தின்னக் கூடும் மண் நுண்ணுயிர்கள் கருமுடிச்சின் மெலனின் உறையையும் சிதைக்கின்றன என்ற விளக்கமும் முன்வைக்கப்பட்டிருக்கிறது. மண் வெதுவெதுப்பாக இருக்கும்போது உழுதால் பலன் கூடும். குளிர்ந்த மண்ணில் குறையும். ஒரு போகத்தோடு நிறுத்தாமல் அடுத்தடுத்துப் பிராக்கோலி வைத்தால் இன்னும் நல்லது. ஸ்கிளிரோட்டினியா என்ற இன்னொரு பூசணத்தால் லெட்டூஸின் அடி அழுகிச் சாயும் நோய்க்கும் இதே பிராக்கோலி ஓரளவு மருந்தாகிறது.

வேறு வழிகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். மண்ணில் அரிசித் தவிட்டைக் கலந்து, நனைத்து, பிளாஸ்டிக்கால் மூடி மூன்று வாரம் விட்டால், தவிட்டைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உறிஞ்சி முடித்துவிடும். காற்றில்லா மண்ணில் உண்டாகும் அமிலங்கள் பூசணத்தைக் கொல்லும். ஜப்பானிலும் நெதர்லாந்திலும் உருவான முறை இது. கலிபோர்னிய ஸ்ட்ராபெர்ரி வயல்களில் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தினர் இதைப் பழக்கினார்கள். தண்ணீர் தேக்கினாலும் இதே விளைவுதான். சான் ஹோகின் பள்ளத்தாக்கில் பருத்தி வாடல் கண்ட நிலத்தில் ஒரு போகம் நெல் வைத்தபோது கருமுடிச்சு வெகுவாக அடங்கியதை 1981-இல் பதிவு செய்திருக்கிறார்கள். இஸ்ரேலின் யாக்கோவ் கத்தான் 1976-இல், ஈரமண்ணைக் கோடையில் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் மூடி வெயிலில் வேகவைத்து வெர்டிசிலியத்தை ஒழிக்கலாம் என்று காட்டினார். கடற்பனி மூடும் சலினாஸில் அந்த வெயிலுக்கு எங்கே போவது? நம் பக்கத்து ஏப்ரல், மே மாதங்களுக்கு அது பொருந்தும். செலவும் தாள் விலையோடு முடிந்துவிடும்.

மூன்றாவது வழி, நோய் தாங்கும் ரகம். சலினாஸிலுள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வு நிலையத்தில் ரையன் ஹேய்ஸும் குழுவினரும் நூற்றுக்கணக்கான லெட்டூஸ் ரகங்களை நோய் மண்ணில் நட்டுச் சலித்தார்கள். லா பிரில்லான்ட் என்ற பட்டேவியா வகை லெட்டூஸ் அசையாமல் நின்றது. அதற்குப் பின்னாலிருந்த மரபணு இருப்பிடத்துக்கு வி.ஆர்.1 என்று பெயரிட்டார்கள். தக்காளி வெர்டிசிலியத்தைத் தாங்கப் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் வி.இ. மரபணுவின் உறவுக்கார மரபணுக்கள் அங்கே இருந்தன. இந்த எதிர்ப்பை வணிக ரகங்களுக்குக் கடத்தினால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும்.

முடியவில்லை. வெர்டிசிலியம் டாலியேயில் முதல் இனம், இரண்டாம் இனம் என்று பிரிவுண்டு. முதல் இனம் ஏவ்1 என்ற புரதத்தைச் சுரக்கும். செடியின் காவல் மரபணு அந்தப் புரதத்தை அடையாளம் கண்டு எச்சரிக்கை அடிக்கும். இரண்டாம் இனத்தில் ஏவ்1 கிடையாது. காவலின் கண்ணில் அது படாது. வி.ஆர்.1 தடுப்பது முதல் இனத்தை மட்டுமே. ஸ்பினாச் விதையில் வருவது எந்த இனம்? 2014-இல் வெளிவந்த ஆய்வொன்று விதைத் தொகுதிகளில் மிகுதியாக இருப்பது இரண்டாம் இனம் என்று கண்டது. அரும்பாடுபட்டு வாசலுக்குப் பூட்டுப் போட்டவர்களுக்கு, ஆள் வருவது வேறு வாசலில் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டாம் இனத்தை ஓரளவு தாங்கும் லெட்டூஸ் வித்துகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அது ஒற்றை மரபணுவின் உறுதியான தடுப்பல்ல. சேதத்தைக் குறைக்கும் பகுதி எதிர்ப்பு.

ஏவ்1 பற்றி இன்னொன்று சொல்லாமல் நகர மனம் வரவில்லை. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் பார்ட் தொம்மாவின் குழு 2012-இல் அந்த மரபணுவின் வரிசையைத் தேடியபோது, அதன் நெருங்கிய உறவுகள் பூசணங்களில் அல்ல, தாவரங்களில் இருந்தன. பூசணம் எப்போதோ ஒரு செடியிடமிருந்து அந்த மரபணுவைக் கவர்ந்து, செடிகளுக்கு எதிராகவே திருப்பியிருக்கிறது. அது எதற்குப் பயன்படுகிறது என்பதும் 2020-இல் தெரியவந்தது. செடியின் வேரில் குடியிருக்கும் பாக்டீரியாக்களில் சிலவற்றை ஏவ்1 கொல்கிறது. தன்னோடு போட்டியிடும் நுண்ணுயிர்களை விலக்கிவிட்டுப் பூசணம் உள்ளே நுழைகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் உயிரியல். நோய் தீராமல் நிற்பதற்குக் காரணம் உயிரியல் மட்டும் அல்ல. சலினாஸில் லெட்டூஸ் வைப்பவர்களில் பலர் நிலத்துக்குச் சொந்தக்காரர் அல்ல, குத்தகைக்காரர். இந்த ஆண்டு ஸ்ட்ராபெர்ரிக்காரர், அடுத்த ஆண்டு லெட்டூஸ்காரர், இடையில் ஸ்பினாச்காரர் என்று நிலம் கைமாறிக்கொண்டே இருக்கும். பிராக்கோலி வைத்தால் மண் தேறும், ஆனால் அந்த ஆண்டு லெட்டூஸ் அளவுக்குப் பணம் வராது. தேறிய மண்ணின் பலனும் அடுத்த குத்தகைக்காரருக்கே போகும். ஸ்பினாச் வைத்தால் கைமேல் காசு. அது விட்டுச்செல்லும் கருமுடிச்சும் அடுத்தவருக்கே. டேவிஸின் வேளாண் பொருளியலாளர்கள் மான்டரே மாவட்ட வயல்களின் பயிர்ப் பதிவுகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். நிலத்தை நெடுங்காலம் வைத்திருக்கப்போகிறவர் பார்க்கும் கணக்கும், ஓரிரு பருவத்தோடு விலகுபவர் பார்க்கும் கணக்கும் வேறுவேறு என்பதை அந்த ஆய்வு எண்ணிக்கையில் காட்டியது. குத்தகைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. பதினான்கு ஆண்டு கிடக்கும் கடனை ஓராண்டுக் குத்தகைதாரர் எதற்காக அடைப்பார்?

விதை நிறுவனத்தின் நிலையும் அப்படித்தான். விதையைச் சோதித்துச் சுத்தம் செய்ய ஆகும் செலவு அவர்களுடையது. நட்டம் படுவதோ வேறொரு பயிரை வைக்கும் வேறொருவர். ஸ்பினாச் வாங்குபவர் கேட்காத வரை சுத்தம் செய்ய அவர்களுக்குத் தூண்டுதல் இல்லை. ஸ்பினாச் வாங்குபவருக்கோ கேட்க அவசியம் இல்லை. இந்த இடைவெளியில்தான் பூசணம் வாழ்கிறது என்பது என் கணிப்பு.

இதற்கு நேர்மாறான காட்சியை அதே ஸ்பினாச் விதை விளையும் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் பார்க்கலாம். அங்கே விதைப்பயிருக்கு எமன் ஃபியூசேரியம் வாடல். அமிலத்தன்மையுள்ள அந்த மண்ணில், ஒருமுறை ஸ்பினாச் வைத்த நிலத்தில் மறுபடி வைக்கப் பத்துப் பதினைந்து ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. நட்டம் அவர்களையே சுட்டதால் வழி தேடினார்கள். சுண்ணாம்புக்கல் தூளை ஆண்டுதோறும் இட்டு அமிலத்தைக் குறைத்தால் நோய் தணிவதைக் கண்டார்கள். லின்ட்சி டு டோய்ட்டின் ஆய்வகம் குளிர்காலத்தில் விவசாயிகளிடமிருந்து மண் வாங்கி, பசுமைக்குடிலில் அந்த மண்ணிலேயே எளிதில் வாடும் ரகம், ஓரளவு தாங்கும் ரகம், நன்கு தாங்கும் ரகம் என்று நட்டுப் பார்த்து, எந்த வயல் பாதுகாப்பானது என்று விதைப்புக்கு முன்பே சொல்லிவிடுகிறது. சோதனை முடிவைப் பார்த்துத்தான் எந்த வயலில் எந்த ரகம் என்று தீர்மானிக்கிறார்கள். நட்ட அன்றே முடிந்துவிடும் கணக்கை நடுவதற்கு முன்பே பார்த்துவிடும் ஏற்பாடு இது. மண்வழி நோய் எதற்கும் இதைவிடச் சிறந்த முறை இல்லை என்றே சொல்வேன்.

விதையோடு பரவி மண்ணில் தங்கும் எதிரிக்கு நம்மூரிலும் ஒரு முன்னுதாரணம் உண்டு. நீலகிரி உருளைக்கிழங்கில் 1961-இல் தங்க நூற்புழு கண்டறியப்பட்டது. அது பூசணம் அல்ல என்றாலும் அதன் முட்டைக்கூடும் ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்து காத்திருக்கும். அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக் கூடாதென்று 1971-இல் தடை வந்தது. கண்டறிந்ததற்கும் தடைக்கும் இடையில் பத்து ஆண்டுகள் ஓடியிருந்தன.

ஆகவே கீரையோ காய்கறியோ பயிரிடும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். விதைப் பொட்டலத்தில் முளைப்புத்திறன் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறீர்கள். விதைவழி நோய்களுக்கு அந்தத் தொகுதி சோதிக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். குத்தகை நிலமானால், முந்தின மூன்று நான்கு ஆண்டுகளில் அங்கே என்னென்ன பயிர் நின்றது, எது வாடியது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாடிய செடியைக் கண்டால் மருந்துக் கடைக்கு ஓடுமுன் வேரைப் பிளந்து நிறம் பாருங்கள். குழாயில் கறுப்போ செம்பழுப்போ ஓடினால் அந்தப் போகத்துக்கு மருந்துச் செலவு வேண்டாம். அந்தப் பணத்தை அடுத்த போகத்துக்கு முன் மண் பரிசோதனைக்கு வைத்திருங்கள்.